1847-ல் செய்தது என்று விற்ற பேப்பர் வெயிட்டின் அடியில் 'மேட் இன் இத்தாலி' ஸ்டிக்கர்: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: கோவையில் வசிக்கிறேன், ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர். கண்ணாடி பேப்பர் வெயிட் சேகரிப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். ஏழு மாதம் முன்பு, மும்பையில் பழம்பொருள் விற்கும் ஒருவரின் இணையதளத்தில் "முரானோ, பியெத்ரோ பிகாலியா செய்தது, 1847, அசலுக்கு உத்தரவாதம்" என்று போட்டிருந்த ஒன்றை 1,85,000 ரூபாய்க்கு வாங்கினேன். போன மாதம் அதன் அடியில் ஒட்டியிருந்த பச்சை ஃபெல்ட் துணி ஓரத்தில் பிரிந்துகொண்டது. உள்ளே பாதி கிழிந்த காகித ஸ்டிக்கர், ஆங்கிலத்தில் 'முரானோ கிளாஸ், மேட் இன் இத்தாலி'. விற்றவரைக் கேட்டால், "வயது என்பது அபிப்பிராயம்தான், விற்றதைத் திரும்ப எடுப்பதில்லை என்று பில்லிலேயே இருக்கிறது, முடிந்தால் யார் செய்தது என்று நீங்களே நிரூபியுங்கள்" என்கிறார். வெனிஸுக்கே அனுப்பி நிபுணரிடம் காட்டலாமா? போலீஸுக்குப் போகலாமா?

பதில்: அவர் உங்கள் தலையில் ஏற்றப் பார்க்கும் சுமையை முதலில் இறக்கி வையுங்கள். இதை யார் செய்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. அவர் சொன்னபடி இல்லை என்று காட்டினால் போதும். இந்த இரண்டுக்கும் நடுவில் மலையளவு வித்தியாசம் இருக்கிறது, வெனிஸை ஒட்டிய முரானோ தீவின் கண்ணாடி விஷயத்தில் இன்னும் அதிகம். அந்தத் தீவில் எத்தனையோ பட்டறைகள், பெரும்பாலான பேப்பர் வெயிட்டுகளில் கையெழுத்தே கிடையாது, உள்ளே பூப்பூவாகத் தெரியும் கண்ணாடிக் குச்சித் துண்டுகளை வைத்து மட்டும் 'இது இன்னார் வேலை' என்று அடித்துச் சொல்ல நேர்மையான நிபுணர்களே தயங்குவார்கள். அதனால் அந்தச் சவாலை ஏற்றுக்கொண்டு வருடக்கணக்கில் அலையாதீர்கள்.

'பிகாலியா, 1847' பொருந்தவில்லை என்று காட்டுவது அவ்வளவு கடினம் இல்லை. பிகாலியா 1845-ல் வியன்னாவில் நடந்த ஆஸ்திரியத் தொழிற்பொருட்காட்சியில் இந்த வகை வெயிட்டுகளைக் காட்சிக்கு வைத்தவர். ஏன் வியன்னா? அன்று வெனிஸும் முரானோவும் ஆஸ்திரியப் பேரரசின் கையில் இருந்தன. இத்தாலி என்ற ராஜ்யம் அமைந்ததே 1861-ல், வெனிஸ் அதோடு சேர்ந்தது 1866-ல். 1847-ல் முரானோவில் செய்த பொருளில் அன்றைக்கே 'மேட் இன் இத்தாலி' என்று ஒட்டியிருக்க வழியே இல்லை. அதுவும் ஆங்கிலத்தில். இறக்குமதிப் பொருளில் எந்த நாட்டுத் தயாரிப்பு என்று குறிக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890-ல் ஒரு சுங்கச் சட்டம் போட்டது, இப்படி நாட்டுப் பெயரை ஆங்கிலத்தில் போடுவது ஏற்றுமதிச் சரக்கில் பரவியது அதற்குப் பிறகுதான்.

எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா இருக்க மாட்டார். "ஸ்டிக்கரைப் பிற்காலத்தில் எந்தக் கடைக்காரராவது ஒட்டியிருக்கலாம்" என்பார். சொல்லலாம்தான். அதனால் ஸ்டிக்கரோடு நிற்காமல் கண்ணாடியையும் பேச வைக்க வேண்டும். பிகாலியாவுடையது என்று உறுதியாகச் சொல்லப்படும் வெயிட்டுகளில் அவர் பெயரின் முதலெழுத்துகளும் வருடமும் கொண்ட குச்சித் துண்டுகள் உள்ளேயே பதிந்திருக்கும், முறுக்கிய நூல் போன்ற கண்ணாடி இழைகளும் தங்கப் பொடி போல மினுங்கும் அவென்சுரின் துணுக்குகளும் கலந்திருக்கும். உங்களுடையதில் எழுத்தோ வருடமோ எதுவும் கண்ணில் பட்டதாக நீங்கள் எழுதவில்லை. நல்ல லென்ஸ் வைத்து ஒரு முறை முழுக்கப் பாருங்கள். அடிப்பக்கத்தையும் பாருங்கள், நூற்றைம்பது வருடத்துக்கு மேல் மேஜைமேல் நகர்ந்த கண்ணாடியில் கீறல்கள் நாலா திசையிலும் மெல்லியதாகக் கிடக்கும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தால் ஒரே பக்கமாக வரிவரியாகத் தெரியும். தண்ணீரில் அமிழ்த்தி அடர்த்தி பார்க்கும் சோதனையைச் சிலர் சொல்வார்கள். உங்கள் வழக்குக்கு அது உதவாது. ஈயம் கலந்த பிரெஞ்சுக் கண்ணாடியையும் முரானோவின் சோடாக் கண்ணாடியையும் அது பிரித்துக் காட்டும், 1847 முரானோவையும் 1950-களின் முரானோவையும் பிரித்துக் காட்டாது.

1854-ல் தொடங்கிய ஃப்ராத்தெல்லி டோசோவும் வேறு பல பட்டறைகளும் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இதே தோற்றத்தில் ஏராளமாகச் செய்து ஏற்றுமதி செய்திருக்கின்றன. உங்களுடையது அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்பது என் ஊகம். புகாரில் இந்த ஊகத்தை எழுத வேண்டாம், எழுதினால் அதை நிரூபிக்கும் பொறுப்பும் உங்களிடம் வந்துவிடும்.

இனி சட்டம். விளம்பரத்தில் "பிகாலியா பாணி" என்றோ "1847 என்று கருதப்படுகிறது" என்றோ இருந்திருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும். உங்களுக்கு அவர் கொடுத்தது உத்தரவாதம், அதை இன்றைக்கு அபிப்பிராயம் என்று மாற்ற முடியாது. 1930-ம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் 15-வது பிரிவு, விவரணை சொல்லி விற்றால் பொருள் அந்த விவரணைக்குப் பொருந்த வேண்டும் என்கிறது. 2019-ம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'குறைபாடு' என்பதற்கான விளக்கத்திலேயே விற்பவர் எந்த வகையிலாவது உரிமைகோரிச் சொன்ன தரம் இல்லாமல் போவதும் அடங்கும். பில்லில் அச்சடித்த 'திரும்ப எடுப்பதில்லை' என்ற வரியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். இணையத்தில் விற்பவர், விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ன் மின்வணிக விதிகள் தெளிவாகச் சொல்கின்றன.

நீங்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு, அது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: "பல வருடப் பழக்கம்". இங்கிலாந்தில் தீர்ப்பான ஒரு வழக்கில், ஜெர்மன் ஓவியர் கப்ரியேலே மியூன்டர் வரைந்தது என்று விற்ற ஓவியம் போலி என்று பிறகு தெரியவந்தது, ஆனாலும் வழக்கில் வாங்கியவர்தான் தோற்றார். அந்த ஓவியரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது என்று விற்றவர் முன்பே சொல்லியிருந்தார், வாங்கியவரோ ஜெர்மன் ஓவியங்களிலேயே வியாபாரம் செய்தவர், அதனால் அவர் விவரணையை நம்பி வாங்கவில்லை என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. உங்கள் எதிர்த்தரப்பும் "இவர் விஷயம் தெரிந்தவர், பார்த்துத்தான் வாங்கினார்" என்று இழுக்கும். வாங்கும் முன் நீங்கள் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ வயதைப் பற்றிக் கேட்டிருந்து அவர் உறுதி சொல்லியிருந்தால் அதுதான் உங்களுக்கு முதல் ஆவணம். படத்தை மட்டும் பார்த்து வாங்கியதும், அடிப்பக்கம் துணியால் மூடியிருந்ததும் உங்களுக்குச் சாதகம். அதோடு, மறுவிற்பனைக்காக வாங்குபவர் நம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நுகர்வோர் ஆக மாட்டார், நீங்கள் சேகரிப்புக்காக வாங்கியதைப் புகாரில் தெளிவாக எழுதுங்கள்.

தாமதம் வேண்டாம். 1950-ல் இங்கிலாந்திலேயே இன்னொரு வழக்கு: ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் வரைந்தது என்று 1944-ல் 85 பவுண்டுக்கு வாங்கிய ஓவியம், விற்கப் போன 1949-ல்தான் அவருடையது இல்லை என்று தெரிந்தது, விற்பனையை ரத்துசெய்யக் கேட்டவருக்குக் காலம் கடந்துவிட்டது என்ற பதில் கிடைத்தது. நம் நுகர்வோர் சட்டத்தில் இரண்டு வருட அவகாசம் இருக்கிறது. உண்மை தெரிந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று வாதாட முடியும், ஆனால் அந்த வாதத்தை நம்பி உட்கார வேண்டாம், பொருள் கைக்கு வந்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்.

இன்றைக்கே அந்த இணையப் பக்கத்தை முகவரியும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு அவர் அதை மாற்றிவிடலாம். ஸ்டிக்கரைப் பிய்க்காதீர்கள், துணியை முழுக்க உரிக்காதீர்கள், வெயிட்டைக் கழுவவும் வேண்டாம், இருக்கிற நிலையிலேயே அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். அப்புறம் பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ், பணத்தைத் திருப்பித் தர 15 நாள் அவகாசம். பதில் சரியில்லை என்றால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் போடலாம், மும்பைக்குப் போக வேண்டியதில்லை, புகார்தாரர் வசிக்கும் ஊரில் தாக்கல் செய்யலாம் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-வது பிரிவு சொல்கிறது. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது, நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்ய முடியும். சாட்சியம் பெரும்பாலும் பிரமாணப் பத்திரத்தில்தான் போகும், அதனால் கண்ணாடி வெயிட்டில் அனுபவமுள்ள ஒரு ஏல நிறுவன நிபுணரிடம் எழுத்தில் கருத்து வாங்கி இணையுங்கள். 'யார் செய்தது' என்று கேட்காதீர்கள், '1847-ல் பிகாலியா செய்ததாக இருக்க முடியுமா' என்று மட்டும் கேளுங்கள்.

வெனிஸுக்கு அனுப்புவதை இப்போதைக்கு விடுங்கள். 1972-ம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்குக் குறையாத கலை, கைவினைப் பொருள் தொல்பொருள் ஆகும், அதைத் தனியார் நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. வெளிநாட்டில் செய்ததற்கு அந்த விளக்கத்தில் தனி விலக்கு எதுவும் எழுதவில்லை. பில்லில் 1847 என்று போட்ட பொருளைப் பார்சல் கட்டி அனுப்பினால் சுங்கத்தில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதே சட்டத்தின் 5-வது பிரிவு தொல்பொருள் வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும் என்கிறது. உரிமம் இருக்கிறதா என்று நோட்டீஸில் ஒரு வரி கேளுங்கள். இல்லை என்றால், 1847 என்று அவரே நம்பினாரா என்ற கேள்வியை ஆணையம் அவரிடம் கேட்கும்.

போலீஸ்? நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவின் மோசடிக்கு, விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். ஸ்டிக்கரை மறைக்கவே அவர் துணி ஒட்டினார் என்பதற்கு ஆதாரம் கிடைத்தால் பார்க்கலாம், இன்றைக்கு அது சந்தேகம் மட்டும்தான். பணம் கேட்கும் நோட்டீஸில் கிரிமினல் மிரட்டலும் வேண்டாம்.

இடையில் அவர் பாதிப் பணம் தருகிறேன், பொருளை வைத்துக்கொள்ளுங்கள் என்று இறங்கி வரக்கூடும். உங்களுக்கு அந்த வெயிட் மேல் மனம் இருந்தால், அதன் உண்மையான சந்தை விலையை ஒரு நிபுணரிடம் எழுத்தில் வாங்கி, அதற்கு மேல் அவர் வாங்கிய அத்தனையையும் கேளுங்கள். என்னைக் கேட்டால் பொருளைக் கொடுத்து முழுப் பணத்தை வாங்குவதுதான் நல்லது.