விறகு காஸ் பொய்லர்: தாங்கியில மிச்சம் பிடிக்காதேங்கோ

கேள்வி: வணக்கம் அண்ணை. ஜேர்மனியில சௌவர்லாண்ட் பக்கம் பழைய வீடொண்டு வாங்கியிருக்கிறம், நிலக்கீழ் அறையில எண்ணெய் பொய்லர் ஓடுது. பக்கத்தில காடு எண்டபடியா விறகு மலிவு, அதால 25 கிலோவாட் ஹோல்ட்ஸ்ஃபெர்காசர், அதுதான் விறகு காஸ் பொய்லர், ஒண்டு போடுவம் எண்டு யோசிக்கிறம். தெரிஞ்ச ஒராள் சொல்லுறார், எண்ணெய் பொய்லரைக் கழட்டிப்போட்டு அதே பைப்பில இதைக் கொழுவினால் சரி, பெரிய தண்ணித் தாங்கி வீண் செலவு எண்டு. உண்மையோ?
– ஒரு வாசகர்

பதில்: தம்பி, அந்தாள் சொன்னதைக் கேட்டுப்போடாதேங்கோ. எண்ணெய் பொய்லர் சூடு காணும் எண்டால் தானா நிண்டுடும், பிறகு தானாப் பத்தும். விறகு அப்பிடி நிக்காது. மேல் பெட்டியில விறகை அடுக்கிப் பத்தவைச்சால் அதில வாற காஸை ஃபேன் கீழ இழுத்து, சுடுகல் துவாரத்துக்குள்ளால விட்டு, கீழ் அறையில 1000 பாகைக்கு மேல எரிக்குது, அந்தச் சூடு இருந்தாத்தான் புகையில்லாமல் எரியும். வீடு சூடாகிட்டுது எண்டு ரேடியேட்டர் எல்லாம் பூட்டுப்பட, பொய்லரும் காத்தைக் குறைக்க, எரியாத காஸ் தாராப் போய் உள்சுவரிலயும் புகைக்கூட்டிலயும் ஒட்டும். அதால பத்தவைச்சால் முழு வேகத்தில எரிஞ்சு முடியவேணும், வாற சூட்டை வாங்கி வைக்க ஒரு இடம் வேணும், அதுதான் தாங்கி.

இது என்ர விருப்பம் மட்டும் இல்லை. கையால விறகு போடுற பொய்லருக்கு ஜேர்மன் விதியில, விறகுப் பெட்டியின்ர ஒரு லீற்றருக்கு 12 லீற்றர் தண்ணி எண்டு இருக்கு, அதுக்குக் குறைய வைக்கிறதெண்டாலும் ஒரு கிலோவாட்டுக்கு 55 லீற்றர் கட்டாயம். உங்கட 25க்கு அது 1375 லீற்றர். நான் எண்டால் 1000 லீற்றரில ரெண்டு போடுவன். 1500 லீற்றர் தண்ணி எண்டு வைச்சாலே, 40 பாகையில இருந்து 85க்கு ஏற, கிட்டத்தட்ட 78 கிலோவாட் மணி சூடு பிடிக்கும், இருபது கிலோவுக்குக் கொஞ்சம் கூடக் காய்ஞ்ச விறகு. பெரிய குளிரில அது கெதியா முடிஞ்சிடும். வாங்க முதல் நிலக்கீழ் அறைக் கதவை அளவுங்கோ, 1000 லீற்றர் தாங்கி கனக்க 79 சென்ரிமீற்றர் அகலத்தில வருது, கதவுக்குள்ளால போனாலும் உள்ள நிமித்தேக்க கூரையில இடிக்கும், அந்தச் சாய்வு உயரத்தைக் கடைக்காரரிட்டக் கேளுங்கோ.

பைப் வேலையில முக்கியமானது பொய்லருக்குத் திரும்பி வாற தண்ணி. அது 60 பாகைக்குக் கீழ போகக்கூடாது, போனால் புகையில இருக்கிற ஈரம் உள்ள வேர்த்து இரும்பைத் தின்னும். லாடோமாட் மாதிரி பம்பும் கலக்கிற வால்வும் சேர்ந்த பெட்டி ஒண்டு போட்டால் அலுவல் முடிஞ்சுது. பொய்லரில இருந்து வாற சுடுதண்ணி தாங்கியின்ர உச்சிக்குப் போகவேணும், குளிர்ந்தது தாங்கியின்ர அடியில இருந்து பொய்லருக்கு, ரேடியேட்டருக்கும் உச்சியில இருந்துதான், நடுவில கலக்கிற வால்வ், திரும்பி வாறது அடிக்கு. பொய்லரில இருந்து தாங்கி மட்டும் 28 மில்லிமீற்றருக்குக் குறையாத இரும்பு இல்லாட்டி செம்புப் பைப், அந்த இடத்தில பிளாஸ்ரிக் வேண்டாம். எண்ணெய் பொய்லரைக் கழட்டாதேங்கோ, ஊருக்குப் போற நேரம் ஆர் விறகு போடுறது? ஆனால் அது உச்சித் தண்ணியை மட்டும் சூடாக்கட்டும், முழுத் தாங்கியையும் எண்ணெயில சூடாக்கினால் காசு கரியாப் போகும்.

கரண்ட் போனால் பம்ப் நிக்கும், விறகு எரிஞ்சுகொண்டே இருக்கும். அதுக்குத்தான் கரண்ட் இல்லாமலே 95 பாகை அளவில திறக்கிற வால்வ், குழாய்த் தண்ணியைப் பொய்லருக்குள்ள இருக்கிற சுருளுக்குள்ளால ஓடவிட்டுக் குளிராக்கும். சில வீடுகளில அதைக் கிணத்துப் பம்பில கொழுவியிருக்கினம், கரண்ட் போற நேரம் கிணத்துப் பம்ப் எப்பிடி ஓடும்? அமுக்கம் கூடினால் திறக்கிற பாதுகாப்பு வால்வுக்கும் பொய்லருக்கும் நடுவில பூட்டு வால்வ் ஒண்டும் வரக்கூடாது. 1500 லீற்றர் எண்டாலே 90 பாகைக்குப் போனால் 50 லீற்றருக்கு மேல பெருக்கும், சுவரில தொங்கிற பழைய சின்ன விரிவுத் தாங்கி தாங்காது, 200 லீற்றர் அளவில யோசியுங்கோ.

காசு குடுக்க முதல் ஷோர்ன்ஸ்டைன்ஃபேகரை, அதுதான் புகைக்கூடு துப்பரவாக்கிப் பாக்கிறவரை, கூப்பிட்டுப் புகைக்கூட்டைக் காட்டுங்கோ. அவர் ஏலாது எண்டால் பொய்லர் வாங்கியும் பிரயோசனமில்லை.

கேள்வி: எங்கட பொய்லரின்ர மேல் கதவைத் திறந்தால் உள்ள கறுப்பாத் தார் வழியுது. பழுதாப் போச்சோ?
– ஒரு வாசகி, நோர்வே

பதில்: மேல் பெட்டியில கொஞ்சம் தார் இருக்கும், அது இந்த வகைப் பொய்லரின்ர குணம், சுரண்டிச் சுரண்டிக் கை நோகவேண்டாம். கீழ் கதவைத் திறந்து பாருங்கோ. அங்க சாம்பல் நிறத்தில காய்ஞ்ச தூள் எண்டால் பிரச்சினை இல்லை. அங்கயும் கறுப்பும் ஈரமும் எண்டால் ஒண்டில் திரும்பி வாற தண்ணி குளிர், இல்லாட்டி விறகு ஈரம். ஒரு கட்டையைப் புதுசாப் பிளந்து உள் பக்கத்தில ஈரம் பாக்கிற மீற்றரைக் குத்துங்கோ, வெளிப்பக்கத்தில குத்தினால் அது பொய்தான் சொல்லும். 20 வீதத்துக்கு மேல காட்டினால் அந்த அடுக்கை இன்னொரு கோடைக்கு விடுங்கோ.