பத்துப் பேருக்கு ஒரு பரிசல் போதுமா?

நம்பியூர் வாசகி ஒருவர் கேட்கிறார்: "ஆயுத பூஜை விடுமுறைக்குச் சென்னையிலிருந்து தங்கை குடும்பம் வருகிறது. பெரியவர்கள் ஆறு பேர், பிள்ளைகள் நான்கு பேர். பவானி ஆற்றில் கொடிவேரி அணைக்கட்டில் பரிசல் போக ஆசைப்படுகிறார்கள். பூஜையன்று சாயங்காலம் நாலு மணிக்குத் தனிப் பரிசல் பிடித்துத் தருகிறேன், பத்துப் பேரும் ஒன்றாகவே போகலாம், ஆயிரம் ரூபாய் முன்பணம் அனுப்புங்கள் என்று ஒருவர் சொல்கிறார். அம்மாவுக்குத் தண்ணீர் என்றாலே பயம். போகலாமா?"

போகலாமுங்க. ஆனால் அந்த ஆள் சொல்கிற நாளும் வேண்டாம், நேரமும் வேண்டாம், பரிசலும் வேண்டாம். முன்பணம் இன்னும் அனுப்பவில்லை என்றால் அனுப்பாதீர்கள்.

முதலில் நாள் விஷயம். ஆயுத பூஜையன்று பழக்கப்பட்ட பரிசல்காரர் துடுப்பைத் தொட மாட்டார். பரிசலைக் கழுவிக் கரையில் கவிழ்த்து வைத்து, தார் பூசிய அடிப்பக்கத்தில் திருநீறும் சந்தனமும் குங்குமமும் வைத்து, துடுப்பை அதன்மேல் சாய்த்து, பொரி கடலை படைத்துக் கும்பிடுவார். தறிக்காரர் தறியை நிறுத்துவதும் லேத்துப் பட்டறை மூடிக் கிடப்பதும் எப்படியோ அப்படித்தான் இதுவும். அன்றைக்குச் சாயங்காலம் உங்களுக்காக ஒருவர் பரிசல் எடுக்கிறார் என்றால், துடுப்பு யார் கையில் இருக்கும் என்று யோசியுங்கள். பெரும்பாலும் ஆற்றை அறியாத ஒரு பையன் கையில். மீட்புப் பணியில் இருந்த காலத்தில் நான் அஞ்சிய நாள் வெள்ள நாள் அல்ல, இந்த மாதிரி விடுமுறை நாள்தான்.

அடுத்தது நேரம். புரட்டாசி, ஐப்பசியில் நம் பக்கம் காலையில் வெயில் அடிக்கும், மத்தியானத்துக்கு மேல் மேகம் கூடி இடி இடிக்கும். ஆற்றின் நடுவில் உயரமான பொருள் நீங்கள்தான். ஆகவே விஜயதசமியன்று காலை எட்டரை, ஒன்பது மணிக்குப் போய், பதினொரு மணிக்குள் கரையேறிவிடுங்கள். இடிச் சத்தம் கேட்டால், மழை வராவிட்டாலும் கரைக்கு வாருங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி இறங்க வேண்டும்.

பரிசலுக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. அடிப்பாகம் கூடை மாதிரி. அதனால்தான் சுற்றுகிறது, ஒரு பக்கம் எடை கூடினால் சட்டென்று சாய்கிறது. நடுத்தரப் பரிசலில் ஓட்டுபவர் போக நாலைந்து பேர் போதும். பத்துப் பேர் என்றால் இரண்டு பரிசல், பிள்ளைகளை இரண்டிலும் பிரித்து உட்கார வையுங்கள். எல்லோரும் தரையோடு தரையாக, வட்டமாக உட்கார வேண்டும். செல்ஃபிக்கு எழுந்து நிற்கக் கூடாது. விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் உங்கள் கையால் ஒரு சாண் இடைவெளி இல்லை என்றால் இறங்கிவிடுங்கள், பணம் போனால் போகட்டும்.

இப்போது அந்த ஆள் விஷயம். வண்டி நிறுத்துமிடத்திலேயே வந்து, "ஏனுங்ணா, கவுன்டர்ல டிக்கெட் முடிஞ்சு போச்சுங்க, நம்ம பரிசல் ஒண்ணு மேல நிக்குது" என்பார்கள். மேலே என்றால் அணைக்கட்டுக்கு மேலே, காவலர் கண்ணுக்குப் படாத இடம். அங்கே தண்ணீரில் மிதக்க வைக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்காது, பேர் எழுதும் நோட்டு இருக்காது, ஏதாவது ஆனால் எத்தனை பேர் போனார்கள் என்று சொல்லக்கூட ஆள் இருக்காது. டிக்கெட் முடிந்துவிட்டதா என்று நீங்களே நடந்துபோய்க் கேளுங்கள். பத்தில் ஒன்பது தடவை முடிந்திருக்காது.

இந்த ஆட்களை ஏன் யாரும் துரத்துவதில்லை என்று கேட்பீர்கள். அணை ஒரு துறை, பரிசல் ஒரு துறை, வண்டி நிறுத்தம் இன்னொருவர். ஒருமுறை ஓர் ஆற்றங்கரையில், கிழிந்த ஜாக்கெட்டுகளை என்ன செய்வது என்று மூன்று அலுவலகத்துக்கும் அலைந்தேன். மூன்று பேரும் அடுத்தவரைக் கை காட்டினார்கள். ஆய்வுக்கு வருகிறவர்கள் ஜாக்கெட்டை எண்ணுகிறார்கள், ஒன்றைக்கூட அழுத்திப் பார்ப்பதில்லை.

நீங்கள் அழுத்திப் பாருங்கள். உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு விரலை எடுத்ததும் எழும்ப வேண்டும். மெத்தை போலப் போட்டு உட்கார்ந்து உட்கார்ந்து தட்டையாகிப்போனது தண்ணீரில் தாங்காது. கொக்கி உடைந்து சரடால் கட்டியிருந்தால் வேறு கேளுங்கள். பிள்ளைக்கு மாட்டிவிட்டு, தோள்பட்டையில் இரண்டு பக்கமும் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது பெரியவர் அளவு, தண்ணீரில் பிள்ளை அதிலிருந்து நழுவிவிடும். பிள்ளையின் அளவுக்கு இல்லை என்றால் பிள்ளை கரையில் இருக்கட்டும், பாட்டியும் துணைக்கு இருக்கட்டும். பயத்தோடு அம்மாவை ஏற்றவே வேண்டாம்.

எல்லோரும் ஜாக்கெட்டை எப்போதும் மாட்டியிருக்க வேண்டும் என்பதில் ஒரே ஒரு விலக்கு உண்டு. அதைச் சொல்லாமல் விட முடியவில்லை. பரிசலுக்கு இது இல்லை. பூலாம்பட்டியில் காவிரியைக் கடந்து நெரிஞ்சிப்பேட்டைக்குப் போகிற மாதிரி படகில் ஏறும்போது, கூரை இருந்தாலும் பக்கங்கள் திறந்திருந்தால் ஜாக்கெட் மாட்டுங்கள், ஓரத்தில் உட்காருங்கள். ஆனால் எங்கேயாவது கண்ணாடி மூடிய அறை உள்ள படகில் ஏறினால் கதை வேறு. அது கவிழ்ந்தால் ஜாக்கெட் உங்களைத் தூக்கி உள்பக்கமே ஒட்டவைத்துவிடும், கீழே முங்கி வாசலுக்கு வர விடாது. 2009 செப்டம்பர் 30 அன்று, பூஜை விடுமுறை வாரத்தில், தேக்கடி ஏரியில் இரட்டை அடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட படகில் மேல்தளத்தில் உட்கார்ந்து ஜாக்கெட் மாட்டுங்கள். உள்ளேதான் இடம் என்றால் அடுத்த படகுக்குக் காத்திருங்கள்.

தண்ணீர் அளவையும் பார்க்க வேண்டும். கொடிவேரி பவானிசாகர் அணைக்குக் கீழே இருக்கிறது. அணை நிரம்பி வழிகிற காலத்தில் மேலே மழை பெய்தால் வருகிற தண்ணீரை அப்படியே திறந்துவிடுவார்கள். செய்தியில் கன அடி என்பார்கள், ஒரு கன அடி என்றால் நொடிக்கு 28 லிட்டர். உபரி நீர் திறப்பு என்ற வார்த்தை காதில் விழுந்தாலே பயணத்தைத் தள்ளிவையுங்கள். அணைக்கட்டில் விழும் தண்ணீர் அடியில் சுருண்டு திரும்பவும் சுவரை நோக்கியே இழுக்கும். அங்கே நீச்சல் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் வித்தியாசம் இல்லை.

அப்புறம், அம்மா பரிசலுக்கும் பூஜை போட விரும்பினால் விஜயதசமியன்று காலையில் பரிசல்காரரிடம் கேட்டுவிட்டுப் பொரியும் பூவும் கொடுங்கள். தார் பூசிய பரிசல்மேல் சூடம் வைக்காதீர்கள், தட்டில் ஏற்றிக் காட்டுங்கள். மோட்டார் படகு என்றால் மாலை தண்ணீரில் தொங்கக் கூடாது, விசிறியில் சுற்றிக்கொள்ளும். திருஷ்டிப் பூசணியைப் படித்துறையில் உடைக்காதீர்கள், வழுக்கும். பரிசலுக்கு வாடகை எவ்வளவு என்று பலகையில் எழுதியிருப்பார்கள். பலகையை ஏதாவது மறைத்திருந்தால் அதை எடுக்கச் சொல்லுங்கள், படித்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள்.