மெல்பர்ன் கோடையிலிருந்து குலசேகரம் கிறிஸ்துமஸுக்கு: பணத்தை எங்கிருந்து எடுப்பது?

கேள்வி:

ஐயா, நான் மெல்பர்னில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். கணவர் கிடங்கு ஒன்றில் வேலை பார்க்கிறார். சொந்த ஊர் குலசேகரம் பக்கம். மூன்று வருடம் முன் அப்பா இறந்தபோது நான் மட்டும் ஓடி வந்துவிட்டு எட்டே நாளில் திரும்பினேன். இங்கே பிறந்த மகனுக்கு 4 வயது. அவனை அம்மா போனில்தான் பார்த்திருக்கிறார். மகளுக்கு 12 வயது, ஆறாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். இங்கே டிசம்பர் கடைசியில்தான் பெரிய விடுமுறை, கொளுத்தும் கோடையில் கிறிஸ்துமஸ். இந்த முறை நான்கு பேரும் ஒரு மாதம் ஊரில் இருக்க ஆசை.

டிக்கெட் மட்டும் 9,200 டாலர். ஜூலையில் போனால் 6,000 என்கிறார்கள். ஊர்ச் செலவு 5,800 என்று வைத்தால் மொத்தம் 15,000. கையில் 3,000 இருக்கிறது. மீதி 12,000-க்கு மூன்று வழி: கிரெடிட் கார்டு; வீட்டுக் கடனில் கூடுதலாகக் கட்டி வைத்திருக்கும் 18,000-லிருந்து எடுப்பது; கடந்த பிப்ரவரியில் என்ஆர்இ கணக்கில் (வெளிநாட்டில் சம்பாதித்ததை ஊரில் ரூபாயாகப் போட்டு வைக்கும் கணக்கு) போட்ட 6 லட்சம் ரூபாய் எஃப்.டி.யை உடைப்பது. மாதம் 1,100 டாலர் மிச்சம் பிடிக்க முடிகிறது. கூடவே அண்ணன், பக்கத்து ரப்பர் தோட்டம் 60 சென்ட் விலைக்கு வருகிறது, உன் பெயரில் வாங்கிப் போடு என்கிறான். அப்பா பெயரிலுள்ள 40 சென்ட் அப்படியே கிடக்கிறது. எங்களுக்கு பி.ஆர். (ஆஸ்திரேலிய நிரந்தர வசிப்புரிமை) கிடைத்து ஐந்து வருடம் ஆகப்போகிறது. என்ன செய்யலாம்?

பதில்:

சகோதரி, போய் வாருங்கள். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் கணக்குக்கு வருகிறேன். ஏனென்றால் உங்கள் கடிதத்தில் "போகலாமா" என்ற கேள்வியே இல்லை. "போவதற்கு அனுமதி தாருங்கள்" என்பதுதான் இருக்கிறது.

ஜூலை மலிவு என்ற எண்ணத்தை முதலில் உடைத்துவிடலாம். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் ஜூலைப் பள்ளி விடுமுறை இரண்டே வாரம். போக ஒரு நாள், வர ஒரு நாள் கழித்தால் அம்மாவோடு 12 நாள். 6,000 டாலரை 12-ஆல் வகுத்தால் நாளுக்கு 500. டிசம்பரில் 30 நாள் போனால் கையில் 28 நாள். 9,200-ஐ வகுத்தால் நாளுக்கு 330-க்குள் அடங்கிவிடும். நேரடி விமானம் இல்லாத திருவனந்தபுரத்துக்கு சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ கொழும்பிலோ இறங்கி ஏறி, அப்புறம் களியக்காவிளை, மார்த்தாண்டம் நெரிசலில் ஊர்ந்து வீட்டு வாசலில் இறங்கும்போது, கிளம்பி 20 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஜூலையில் இருக்கும் நாலரை மணி நேர வித்தியாசத்துக்கு 4 வயதுப் பிள்ளை பழகவே மூன்று நாள் வேண்டும். இத்தனை பாட்டையும் 12 நாளுக்காகப் பட வேண்டுமா? ஜூலையில் அங்கே மழை வேறு. விடுப்பில் இன்னொரு லாபமும் உண்டு. டிசம்பர் 25, 26, ஜனவரி 1 பொது விடுமுறைகள் உங்கள் ஆண்டு விடுப்புக்குள் விழுந்தால் விடுப்புக் கணக்கில் கழியாது. கணவருக்கு இது நிச்சயம் உதவும். உங்கள் ரோஸ்டருக்கு எப்படி என்று சம்பளப் பிரிவில் கேளுங்கள்.

டிக்கெட் விலையைக் குறைக்க, பள்ளி முடிவதற்கு மூன்று நாள் முன்னதாகவே பறந்துவிடுங்கள் என்று பலருக்கும் சொல்வேன். உங்களுக்குச் சொல்ல மாட்டேன். மகள் ஆரம்பப் பள்ளியையே முடிக்கிறாள், கடைசி வாரத்தில்தான் பட்டமளிப்பு மாதிரி விழா வைப்பார்கள். அதைத் தவறவிட்டால் பிறகு உங்களைச் சும்மா விடமாட்டாள். திரும்பும் தேதியை நகர்த்திப் பாருங்கள். ஜனவரி கடைசி வாரத்தில் பள்ளி திறப்பதற்காக எல்லோரும் ஒரே நேரத்தில் பறப்பார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு வந்துவிடுவது நல்லது. 12 வயது ஆனதால் மகளுக்கு முழு டிக்கெட்தான், அதில் வழியில்லை.

ஒரு எச்சரிக்கை. மெல்பர்ன்–சிங்கப்பூர் ஒரு டிக்கெட், சிங்கப்பூர்–திருவனந்தபுரம் தனி டிக்கெட் என்று பிரித்து வாங்கினால் சில நூறு டாலர் குறையும். என் தங்கை குடும்பம் அப்படி வந்தது. முதல் விமானம் தாமதம், இரண்டாவது போயே போய்விட்டது. தனித்தனி டிக்கெட் என்பதால் பொறுப்பு எங்களுடையது இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். மிச்சம் பிடித்ததைப் போல இரு மடங்கு கட்டிப் புது டிக்கெட் எடுத்தார்கள். இரண்டு பிள்ளைகளோடு வருபவர்கள் ஒரே டிக்கெட்டாக எடுங்கள்.

இனி 12,000 டாலர். எஃப்.டி.யைத் தொடாதீர்கள். என்ஆர்இ வைப்பு ஒரு வருடம் நிறையும் முன் உடைத்தால் ஒரு பைசா வட்டி கிடையாது. பிப்ரவரியில் போட்டதை டிசம்பருக்கு உடைத்தால் பத்து மாத வட்டி காற்றோடு போகும். இந்த எஃப்.டி. பற்றி நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. ஆனால் பி.ஆர். வைத்து ஆஸ்திரேலியாவில் வசிப்பவர் உலகின் எந்த மூலையில் வருமானம் வந்தாலும் அங்கே காட்ட வேண்டும். "டாக்ஸ் ஃப்ரீ" என்று ஊரில் வங்கிக்காரர் சொன்னது அவர் பக்கத்துக்கு மட்டும் உண்மை. இதுவரை காட்டவில்லை என்றால் உங்கள் டாக்ஸ் ஏஜென்டிடம் இந்த வருடமே பேசுங்கள்.

கிரெடிட் கார்டில் 20 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், 12,000-ஐ ஒரு வருடத்தில் அடைக்க மாதம் 1,112 டாலர், வட்டி மட்டும் 1,340 அளவுக்குப் போகும். வீட்டுக் கடனிலிருந்து எடுத்து 6 சதவீதத்தில் அதே ஒரு வருடத்தில் திருப்பினால் மாதம் 1,033, வட்டி 400-க்குள். ஆகவே வீட்டுக் கடன்தான். ஆனால் இதில்தான் நம்மவர்கள் வழுக்கி விழுகிறார்கள். எடுத்த பணத்துக்குத் தனியாகத் தவணை என்று ஒன்று வராது. வங்கி போன் போட்டுக் கேட்காது. மாதத் தவணை அதேதான். அதனால் மறந்துபோகும். மிச்சமுள்ள 25 வருடத்தில் அதுவாகக் கரையட்டும் என்று விட்டுவிட்டால், அந்த 12,000-க்கு மொத்தம் 23,000 டாலருக்கு மேல் கட்டியிருப்பீர்கள். ஊரிலிருந்து திரும்பிய முதல் சம்பளத்திலிருந்தே 1,033 தானாகப் போகும்படி போட்டு வையுங்கள். நீங்கள் மிச்சம் பிடிக்கும் 1,100-க்குள் அது அடங்குகிறது. அடைத்து முடிந்ததும் நிறுத்திவிடாமல், மாதம் 350 மட்டும் வீட்டுக் கடனோடு இணைந்து அதன் வட்டியைக் குறைக்கும் ஆஃப்செட் கணக்கில் போகட்டும். மூன்று வருடத்தில் 12,600. அடுத்த கிறிஸ்துமஸுக்கு யாரிடமும் கேட்க வேண்டாம்.

எனக்கு டிக்கெட்டை விடப் பயம் அந்த 5,800-ஐப் பற்றித்தான். ரூபாயில் அது மூன்று லட்சத்துக்கு மேல். பெரிய தொகையாகத் தெரியும். ஆனால் மூன்று வருடத்துக்குப் பிறகு வருகிறீர்கள். நீங்கள் இல்லாதபோது நடந்த கல்யாணங்களுக்கு வைக்காத சுருள் (மொய்), கேரல் சுற்றி வரும் பிள்ளைகளுக்கு, சபைக் காணிக்கை, குடில் கட்டும் வாலிபர்களுக்கு, நோயாய்க் கிடக்கும் பெரியம்மாவுக்கு, அப்புறம் "மக்களே, ஒரு அம்பதாயிரம் இருந்தா மார்ச்சுல தந்துடுதேன்" என்று முற்றத்தில் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கும் மாமாவுக்கு. இதில் எதுவும் தப்பில்லை. ஆனால் எதுவும் உங்கள் பட்டியலில் இல்லை. நீங்கள் எழுதியிருப்பது டாக்ஸி, துணி, சாப்பாடு.

என் யோசனை இது. கொடுப்பதற்கென்று ஒரு லட்சம் ரூபாயை இப்போதே பிரித்து வையுங்கள். அதில் 40,000-ஐ வந்து இறங்கிய அன்று இரவே அம்மா கையில் கொடுங்கள். சபைக்கும் கேரலுக்கும் பெரியம்மாவுக்கும் அவர் கொடுக்கட்டும். கணவரை இழந்து மூன்று வருடம் வாங்கிக்கொண்டே இருந்தவர், இந்தக் கிறிஸ்துமஸுக்குக் கொடுப்பவராக இருக்கட்டும். யாருக்கு எவ்வளவு என்பது உங்களைவிட அவருக்குத் துல்லியமாகத் தெரியும், பாதிப் பணத்தில் முடித்துவிடுவார். மீதி 60,000 உங்கள் கையில். அது தீர்ந்த பிறகு கேட்பவருக்கு "இந்த முறை முடிஞ்சுபோச்சு மாமா" என்று சொன்னால் அது பொய்யாக இருக்காது. கடனாகக் கேட்பவருக்குக் கடனாகக் கொடுக்காதீர்கள். முடிந்தால் அதில் கால்வாசியை அன்பளிப்பாகக் கொடுத்து முடித்துவிடுங்கள்.

ரூபாய்க்கு மாற்றும்போது "கட்டணம் இல்லை" என்ற விளம்பரத்தைப் பார்க்காதீர்கள், கையில் எத்தனை ரூபாய் வருகிறது என்று மட்டும் பாருங்கள். லாபத்தை அவர்கள் மாற்று விலைக்குள் ஒளித்து வைத்திருப்பார்கள். என்ஆர்இ கணக்குக்கு முன்கூட்டியே அனுப்பிவிட்டால், ஆஸ்திரேலிய மொபைல் எண்ணிலேயே யுபிஐ இயங்கும் வசதி இப்போது இருக்கிறது, உங்கள் வங்கி தருகிறதா என்று கேளுங்கள். நாகர்கோவில் துணிக்கடையில் ஆஸ்திரேலிய கார்டைத் தேய்க்க நேர்ந்தால், இயந்திரம் "டாலரா, ரூபாயா" என்று கேட்கும். ரூபாய் என்று சொல்லுங்கள். டாலர் என்றால் மாற்று விலையை அவர்களே வைப்பார்கள்.

அண்ணனுக்குப் புதிதாக ஒரு போன் வாங்குவதாக இருந்தால் கிளம்புவதற்கு முந்தைய 60 நாளுக்குள் வாங்குங்கள். ஒரே கடையில் 300 டாலருக்குக் குறையாமல் இருந்தால், விமான நிலையத்தில் பில்லைக் காட்டி ஜிஎஸ்டியைத் திரும்பப் பெறலாம். 1,100 டாலர் போனுக்கு 100 டாலர் கைக்கு வரும்.

டிக்கெட் போடும் முன் ஒரு முக்கியமான விஷயம். பி.ஆர். ஐந்து வருடம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த உரிமை காலாவதியாகாது, ஆனால் வெளியே போய்த் திரும்பி வருவதற்கான பயண அனுமதி கிடைத்த நாளிலிருந்து ஐந்து வருடம்தான். அது முடிந்த பிறகு வெளியே போனால், திரும்பி நுழையத் தனி விசா வேண்டும். தேதியை இன்றே பாருங்கள், தேவைப்பட்டால் கிளம்பும் முன்பே விண்ணப்பியுங்கள். மகனிடம் ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்தான் இருக்கும். அவனுக்கு ஓசிஐ (இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) அல்லது இந்திய விசா வேண்டும். பயணக் காப்பீட்டையும் விட்டுவிடாதீர்கள். ஆஸ்திரேலிய அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் இந்தியாவில் செல்லாது.

இனி ரப்பர் தோட்டம். உங்கள் பெயரில் வாங்க முடியாது. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர், ஓசிஐ வைத்திருப்பவர் இருவருமே இந்தியாவில் வீடு, கடை வாங்கலாம். விவசாய நிலமும் தோட்டமும் பண்ணை வீடும் வாங்கக் கூடாது. அண்ணன் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், தெரியாமல் சொல்லியிருப்பார். "சரி, அம்மா பெயரில் வாங்கிக்கொள்ளலாம்" என்று அடுத்த யோசனை வரும். அம்மாவுக்குப் பணத்தை மனதார அன்பளிப்பாகக் கொடுத்து, அவர் தனக்காக வாங்கினால் சரி. அம்மா பெயர், ஆனால் உண்மையில் என்னுடையது என்ற ஏற்பாடு பினாமிச் சட்டத்தில் மாட்டும். 12,000 டாலருக்கு வழி தேடும் வருடத்தில் தோட்டம் எதற்கு என்பது வேறு விஷயம்.

வாங்குவதை விடுங்கள், இருப்பதைப் பாருங்கள். அப்பாவின் 40 சென்டில் உங்களுக்கும் பங்கு உண்டு. பரம்பரையாக வருவதை, அது விவசாய நிலமே ஆனாலும், நீங்கள் வைத்துக்கொள்ளலாம். நீங்கள் கிறிஸ்தவர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால், இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. நீங்களும் அண்ணனும் மட்டும் என்றால் மூவருக்கும் சம பங்கு. நம் பாட்டிமார் காலத்தில், நம் ஊரும் சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் கிறிஸ்தவர்களுக்கென 1916-ல் வந்த சட்டம், மகளுக்கு மகன் பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது என்று வைத்திருந்தது. 1951-லேயே அந்தச் சட்டம் செல்லாமல் போய்விட்டது என்று மேரி ராய் வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்னும் அந்தப் பழைய கணக்கிலேயே பேசும் பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. சண்டை போடச் சொல்லவில்லை. பங்கை அண்ணனுக்கே விட்டுக்கொடுக்க விரும்பினாலும் அதற்கு முறையாகப் பத்திரம் எழுதிக் கொடுங்கள்.

இதற்கு வாரிசுச் சான்றிதழ், பட்டா மாறுதல் என்று தாலுகா அலுவலகம் ஏற வேண்டியிருக்கும். நாள் கணக்கைக் கவனியுங்கள். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை வேலை நகராது, ஜனவரி நடுவில் பொங்கல். ஜனவரி 2 முதல் 12 வரைதான் உங்களுக்கு நாள். அண்ணன் டிசம்பர் முதல் வாரமே விண்ணப்பத்தைப் போட்டு வைக்கட்டும், கையெழுத்துக்கு மட்டும் நீங்கள் போனால் போதும். அதே நாட்களில் வங்கிக்கும் போங்கள். நர்சிங் படித்தபோது தொடங்கிய சேமிப்புக் கணக்கு எதுவும் இருந்தால், அதை வெளிநாட்டில் வசிப்பவருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றியாக வேண்டும்.

திரும்பும்போது அம்மா ஏத்தங்காய் வற்றல், முந்திரிக்கொத்து, கருப்பட்டி, முடிந்தால் நெத்திலிக் கருவாடு வரை பெட்டியில் திணிப்பார். தடுக்காதீர்கள். மெல்பர்னில் இறங்கும் முன் தரும் பயணி அட்டையில் உணவுப் பொருள் இருக்கிறதா என்ற இடத்தில் "ஆம்" என்று டிக் போடுங்கள். அதிகாரி பார்ப்பார், ஆகாததை மட்டும் எடுத்துக்கொள்வார். "இல்லை" என்று போட்டுவிட்டு மாட்டினால், கட்டும் அபராதத்தில் அண்ணனின் போனுக்குக் கிடைத்த 100 டாலரும் போய்விடும், மேலே கையிலிருந்தும் போகும்.