மனமார வாழ்த்துவதா, மனமாற வாழ்த்துவதா?

மகளின் திருமண அழைப்பிதழுக்கு மெய்ப்புப் பார்த்த வாசகர் ஒருவர், அச்சகத்தில் "மணமக்களை மனமாற வாழ்த்த" என்று கோத்திருந்ததாகவும், உறவினர் அதை "மனமார" என்று திருத்தச் சொன்னதாகவும் எழுதி, எது சரி என்றும், இதுபோல வேறெங்கெல்லாம் தவறு நேரும் என்றும் கேட்டிருக்கிறார்.

உறவினர் சொன்னதே சரி. ஆர்தல் என்றால் நிறைதல். மனம் நிறைய வாழ்த்துவதே மனமார வாழ்த்துவது. வயிறார உண்பதும், கண்ணாரக் காண்பதும், வாயாரப் புகழ்வதும் இந்த வகையைச் சேர்ந்தவை. மனமாற என்பதும் பொருளற்ற சொல் அன்று. மனம் மாற என்றோ, மனம் ஆற என்றோ அதைப் பிரிக்கலாம். துக்கத்தில் இருப்பவர் மனமாற அழுதார் என்றால், துயரம் தணியும்வரை அழுதார் என்று பொருள். திருமண அழைப்பிதழில் அதற்கு இடமில்லை.

இக்குழப்பத்திற்குக் காரணம் நம் காது. ரகரத்துக்கு நுனிநா அண்ணத்தை வருடும், றகரத்துக்கு ஒற்றும் என்று தொல்காப்பியம் பிரித்துச் சொல்கிறது. ஆனால் இன்று தமிழ்நாட்டின் பெரும்பகுதியில், கன்னியாகுமரி போன்ற தென்கோடிப் பகுதிகள் நீங்கலாக, இரண்டும் பேச்சில் ஒன்றாகிவிட்டன. காதில் விழுந்தபடி எழுதினால் தவறத்தான் செய்யும். மறைந்த பெரியவரை "நினைவு கூறுகிறோம்" என்று எழுதுவதும் இப்படி வந்த பிழையே. கூர்தல் என்றால் மிகுதல், ஆகையால் "நினைவுகூர்கிறோம்" என்பதே முறை. அன்புகூர்ந்து, தயைகூர்ந்து என்பனவற்றிலும் இதே கூர்தான் வருகிறது.

"சுவற்றில் எழுதாதீர்" என்பதை ஊரெங்கும் காணலாம். கிணறு கிணற்றில் என்றும், சோறு சோற்றில் என்றும் ஆகும், அவை று என முடிவதால். சுவர் அப்படி முடியவில்லை. தயிரைத் "தயிற்றில்" என்று எவரும் சொல்லாதபோது, சுவருக்கு மட்டும் அந்த "ற்று" எப்படிப் பொருந்தும்? சுவரில் என்றே எழுதுங்கள். ஐயம் வந்தால், உருபை நீக்கிச் சொல்லின் முடிவைப் பார்ப்பதே எளிய சோதனை.

முகவரியில் "பேருந்து நிலையத்தின் அருகாமையில்" என்றிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். அருகாமை என்பதை இலக்கணப்படி அருகுதல் இல்லாமை, அதாவது குறையாமை, என்றே கொள்ள நேரும். வழக்கில் ஊன்றிவிட்ட அச்சொல்லை ஒருவர் பேசும்போது குறுக்கிட்டுத் திருத்துவதை நான் ஏற்கமாட்டேன். அச்சில் மட்டும், குறையற்ற "அருகில்" இருக்க, அது வேண்டாம்.

அச்சகத்துக்குத் திருத்தத்தைத் தொலைபேசியில் சொல்வதானால், "மனமார, சின்ன ர" என்று எழுத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லை மட்டும் சொன்னால் மறுமுனையில் மீண்டும் பெரிய றவாகவே கேட்கக்கூடும்.