ஹுவான் மனுவேல் மார்க்கேஸின் குத்துச்சண்டை வாழ்க்கையில் அந்த ஒரு நாக் அவுட்டைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

நீங்கள் சொல்லும் நாக் அவுட் 2012 டிசம்பர் 8 அன்று லாஸ் வேகாஸின் எம்ஜிஎம் கிராண்ட் அரங்கில் நடந்தது. ஆறாவது சுற்று முடிய ஒரே ஒரு விநாடி பாக்கி. பிலிப்பைன்ஸ் வீரர் மேனி பாக்கியாவ் முன்னே பாய்கிறார், மார்க்கேஸின் வலக்கை சின்னதாக ஒரு வீச்சு வீசுகிறது, பாக்கியாவ் முகம் குப்புற விழுகிறார், அசைவே இல்லை. அந்தப் பத்து விநாடிக் காணொளியை மட்டும் பார்த்தவர்கள் 'அதிர்ஷ்டக் குத்து' என்று சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். எட்டரை வருஷமாக ஒரே எதிராளியைப் படித்துப் படித்து வந்த குத்து அது. அதற்கு முன்னால் இருப்பதைப் பார்க்காமல் அதைப் புரிந்துகொள்ள முடியாது.

முதலில் மார்க்கேஸ் எந்த மாதிரி ஆள் என்று சொல்கிறேன். மெக்சிகோ ரசிகர்களுக்கு முன்னேறி அடிப்பவரைத்தான் பிடிக்கும். ஹூலியோ செசார் சாவேஸ் மாதிரி எதிராளியின் நெஞ்சோடு நெஞ்சாக நின்று, இடக்கை ஹூக்கை (வளைத்து வீசும் குத்து) ஈரல் பக்கம் இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். எரிக் மொராலெஸும் மார்கோ அந்தோனியோ பரேராவும் மூன்று முறை மோதி அந்த ரசனைக்குப் பெரும் விருந்து வைத்தார்கள். அதே காலத்தில், அதே எடை வட்டாரத்தில் இருந்த மார்க்கேஸ் வேறு வகை. எதிராளி அடிக்கட்டும் என்று காத்திருப்பார். அவன் கை நீளும் அந்த நொடியில் ஏதாவது ஒரு இடம் திறக்குமே, அங்கே அடிப்பார். கவுண்டர் பஞ்ச் என்பது இதுதான். இதை ரசிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். அதனால்தான் மற்ற இருவருக்கும் கிடைத்த அன்பு இவருக்குச் சொந்த ஊரிலேயே வெகுநாள் கிடைக்கவில்லை.

1973-இல் மெக்சிகோ நகரத்தில் பிறந்தவர். அப்பாவும் குத்துச்சண்டை ஆடியவர். தம்பி ரஃபேல் மார்க்கேஸும் பிறகு உலக சாம்பியன் ஆனார். அண்ணன் தம்பி இருவருமே நாச்சோ பெரிஸ்தாயினின் பயிற்சிக் கூடத்தில் வளர்ந்தவர்கள். மெக்சிகோவின் மிகச் சிறந்த பயிற்சியாளர் யார் என்றால் நான் அவர் பெயரைத்தான் சொல்வேன். ஒரு சண்டைகூடத் தோற்காமல் ஓய்வு பெற்ற ரிக்கார்டோ லோபெஸும் அவர் மாணவர்தான். கை உயர்ந்திருக்க வேண்டும், குத்துகள் குட்டையாக, நேராக, தொடராக வர வேண்டும் என்பது அவர் பள்ளி. மார்க்கேஸ் கணக்கியல் படித்தவர். ஆரம்பத்தில் கணக்கு வேலையும் பார்த்துக்கொண்டே பயிற்சிக்குப் போனார்.

தொடக்கம் ஒன்றும் பிரமாதமில்லை. 1993-இல் முதல் தொழில்முறைச் சண்டையிலேயே தகுதி நீக்கம் செய்யப்பட்டுத் தோற்றார். அப்புறம் வரிசையாக ஜெயித்தும் பட்ட வாய்ப்பு வரவில்லை. அந்த நாளில் ஃபெதர்வெயிட்டின் (சுமார் 57 கிலோ வரையான எடைப்பிரிவு) பெரிய நட்சத்திரம் நசீம் ஹமீது. அவரோடு மோதும் அடுத்த உரிமைக்காரராக மார்க்கேஸ் நீண்ட காலம் காத்திருந்தார். அந்தச் சண்டை நடக்கவே இல்லை. கடைசியில் 1999-இல் ஃப்ரெடி நார்வுட்டோடு உலகப் பட்டத்துக்கு ஆடி, புள்ளிகளில் தோற்றார். முதல் பட்டம் கையில் வந்தது 2003 பிப்ரவரியில், மனுவேல் மெதினாவை மேலே ஆட முடியாமல் ஏழாவது சுற்றில் நிறுத்தியபோது. வயது 29. இந்த எடைப்பிரிவில் நிறையப் பேர் அந்த வயதில் இறங்குமுகத்தில் இருப்பார்கள்.

சரி, இனி பாக்கியாவ். 2004 மே 8. முதல் சுற்றிலேயே மார்க்கேஸ் மூன்று முறை கீழே விழுந்தார். பாக்கியாவ் இடக்கை வீரர். காலால் பாய்ந்து வந்து நேராக விடும் இடக்கை, அந்தக் காலத்தில் யாராலும் கணிக்க முடியாத வேகத்தில் வந்தது. மூன்றாவது தடவை விழுந்தபோது மார்க்கேஸின் மூக்கில் ரத்தம் கொட்டியது. நடுவர் சண்டையை நிறுத்தியிருந்தாலும் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். எழுந்தார். எனக்கு அவர் மேல் பிரியம் வந்ததே அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்துத்தான். பயந்து ஓடவும் இல்லை, ஆத்திரத்தில் கண்டபடி வீசவும் இல்லை. தூரத்தை மாற்றிக்கொண்டார். தன் இடப்பக்கமாக நகர்ந்து நகர்ந்து அந்த இடக்கையின் கோட்டிலிருந்து விலகினார். பாக்கியாவ் பாய்ந்து வந்து கால் ஊன்றும் இடத்தில் வலக்கையை நேராக வைத்தார், பின்னாலேயே இடது அப்பர்கட், அதாவது கீழிருந்து மேலே போகும் குத்து. சண்டையின் பிற்பாதியில் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே சந்தேகம் வந்துவிட்டது. முடிவு சமன்.

அந்தச் சமன் முடிவில் மார்க்கேஸுக்கும் ஒரு சலுகை இருந்ததைச் சொல்லிவிட வேண்டும். சுற்றை ஜெயித்தவருக்கு 10 புள்ளி, தோற்றவருக்கு 9, விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் இன்னும் ஒரு புள்ளி குறையும். மூன்று முறை விழுந்த சுற்றுக்கு 10-6 என்று போட வேண்டிய இடத்தில் தீர்ப்பாளர் பர்ட் கிளெமென்ட்ஸ் 10-7 என்று போட்டார். பிறகு அவரே தவறை ஒப்புக்கொண்டார். சரியாகப் போட்டிருந்தால் பாக்கியாவ் ஜெயித்திருப்பார். மார்க்கேஸின் தீவிர ரசிகர்கள் இதைச் சொல்வதில்லை, நான் சொல்கிறேன்.

மறுசண்டைக்கு நல்ல பணம் பேசினார்கள். போதாது என்று மார்க்கேஸ் தரப்பு மறுத்தது. விளைவு, 2006 மார்ச்சில் இந்தோனேசியாவின் தெங்காரோங்கில் கிறிஸ் ஜானோடு ஆடப் போனார், பல மடங்கு குறைந்த சம்பளத்துக்கு. இடுப்புக்குக் கீழே குத்தினார் என்று இரண்டு புள்ளிகள் வெட்டு, முடிவில் தோல்வி. 32 வயது, பட்டம் இல்லை, பெரிய சண்டை இல்லை. அவர் கதை அத்தோடு முடிந்தது என்று எழுதியவர்கள் உண்டு.

அதற்கு அடுத்த நான்கு வருஷங்கள்தான் உங்கள் கேள்விக்கான உண்மையான பதில். 2007 மார்ச்சில் எடைப்பிரிவு ஏறி பரேராவைத் தோற்கடித்து சூப்பர் ஃபெதர்வெயிட் பட்டம் எடுத்தார். 2008 செப்டம்பரில் லைட்வெயிட்டில் ஜோயல் காசமயோரைப் பதினோராவது சுற்றில் நிறுத்தினார். அதுவரை யாரும் காசமயோரை அப்படி நிறுத்தியதில்லை. 2009 பிப்ரவரியில் ஹுவான் டியாஸ்.

டியாஸ் சண்டையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நடந்தது ஹூஸ்டனில், டியாஸின் சொந்த ஊரில். அவர் மார்க்கேஸைவிடப் பத்து வயது இளையவர், சுற்றுக்கு நூறு குத்து விடக்கூடியவர். முதல் சில சுற்றுகளில் மார்க்கேஸ் திணறினார், கண்ணுக்கு மேல் கிழிந்தது. ஆனால் கவனித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். டியாஸ் குனிந்து உள்ளே வரும்போது அவர் தலை எந்த இடத்துக்கு வருகிறது என்று மார்க்கேஸ் ஒவ்வொரு முறையும் பார்த்து வைத்துக்கொண்டே இருந்தார். நடுச் சுற்றுகளிலிருந்து அந்த இடத்தில் அப்பர்கட் காத்திருக்க ஆரம்பித்தது. எட்டாவது சுற்றில் டியாஸின் கண்ணோரம் கிழிந்தது, ஒன்பதாவதில் வலது அப்பர்கட்டில் சண்டை முடிந்தது. அந்த வருஷத்தின் சிறந்த சண்டை என்று ரிங் பத்திரிகை அதைத்தான் தேர்ந்தெடுத்தது. மார்க்கேஸ் யார் என்று ஒரே சண்டையில் காட்டச் சொன்னால் நான் பாக்கியாவ் நாக் அவுட்டைக் காட்ட மாட்டேன், இதைத்தான் காட்டுவேன்.

அமெரிக்க வீரர் ஃப்ளாய்ட் மேவெதருடன் 2009-இல் ஆடியது தேவையில்லாத சண்டை. இரண்டு எடைப்பிரிவு ஏறிப் போய், எல்லா வகையிலும் பெரிய ஆளிடம் பன்னிரண்டு சுற்றும் வாங்கிக் கட்டிக்கொண்டார். மேவெதர் ஒப்பந்த எடைக்குக்கூட வரவில்லை, அபராதம் கட்டிவிட்டு ஆடினார். கடந்து போவோம்.

பாக்கியாவுடன் இரண்டாவது சண்டை 2008 மார்ச்சில். மூன்றாவது சுற்றில் மார்க்கேஸ் ஒரு முறை விழுந்தார். மூன்று தீர்ப்பாளர்களில் இருவர் பாக்கியாவுக்குக் கொடுத்தார்கள், அதில் ஒருவரின் கணக்கு 114-113. அந்த ஒரு தடவை விழாமல் இருந்திருந்தால் சமன். 2011 நவம்பரில் மூன்றாவது சண்டை. அதில் மார்க்கேஸ்தான் ஜெயித்தார் என்பது என் தீர்ப்பு, இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. பாக்கியாவ் பாயத் தயங்கும் அளவுக்கு அவர் கவுண்டர் கூர்மையாக இருந்தது. முடிவை அறிவித்ததும் அரங்கமே கூச்சல் போட்டது. ஒருவர் சமன், இருவர் பாக்கியாவ். மூன்று சண்டை, 36 சுற்று, ஒரு வெற்றிகூட இல்லை.

நான்காவதில் அவருக்கு வயது 39. தீர்ப்பாளர்களை நம்பிப் பயனில்லை என்று முடிவெடுத்தவர் போலத்தான் ஆடினார். மூன்றாவது சுற்றைப் பாருங்கள். அதுவரை உடம்புக்கே குறி வைத்து பாக்கியாவின் கவனத்தைக் கீழே இறக்கிவிட்டு, திடீரென்று மேலே சுற்றி ஒரு வலக்கை. முந்தைய 36 சுற்றுகளில் ஒரு முறைகூட விழாத பாக்கியாவ் மல்லாந்து விழுந்தார். ஐந்தாவதில் பாக்கியாவின் இடக்கை மார்க்கேஸைக் கீழே தள்ளியது. ஆறாவதில் மார்க்கேஸின் மூக்கிலிருந்து ரத்தம், மூச்சு வாயால் வாங்குகிறார், பாக்கியாவ் முடித்துவிடும் வெறியில் இருக்கிறார். மூன்று தீர்ப்பாளர்களின் தாளிலும் 47-46 என்று பாக்கியாவே முன்னிலை. மணி அடிக்கப் போகும் நேரத்தில் கயிற்றோரம் நின்ற மார்க்கேஸ் பக்கம் இன்னொரு பாய்ச்சல். வலக்கை ஜாப் (முன்னால் இருக்கும் கையால் விடும் நேர்க்குத்து), அதற்குப் பின்னால் இடக்கை வர வேண்டும். 2004-இல் மூன்று முறை தன்னை விழ வைத்த அதே வரிசை. இந்த முறை லேசாகக் குனிந்து ஜாபைத் தலைக்கு வெளியே போகவிட்டு, இடக்கை கிளம்பும் முன் தன் வலக்கையை நடுவில் வைத்துவிட்டார்.

ஊக்கமருந்து சந்தேகத்தையும் சிலர் கேட்பார்கள். அப்போது அவருடைய உடற்பயிற்சியாளர் ஏஞ்சல் எரேதியா, முன்பு தடகள வீரர்களுக்கு ஊக்கமருந்து கொடுத்ததை அமெரிக்க நீதிமன்றத்திலேயே ஒப்புக்கொண்டவர். அதனால் கேள்வி எழுந்தது நியாயம்தான். ஆனால் மார்க்கேஸ் எந்தப் பரிசோதனையிலும் சிக்கவில்லை. உடம்பு மாறியிருந்தது கண்ணுக்குத் தெரிந்தது. அந்த ஜாபுக்கு வெளியே தலையை எடுத்துப் போனது உடம்பின் வேலை அல்ல, அதை 2004-இலிருந்தே பார்க்கலாம்.

ஐந்தாவது சண்டைக்குப் பெரிய தொகை பேசியும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. 2013-இல் டிமோத்தி பிராட்லியிடம் தோற்றார், 2014 மே மாதம் மைக் ஆல்வராடோவை ஜெயித்தார். முழங்கால் காயத்தால் அதுவே கடைசிச் சண்டை ஆனது. 2017-இல் ஓய்வை அறிவித்தார். 56 வெற்றி, அதில் 40 நாக் அவுட், 7 தோல்வி, ஒரு சமன், நான்கு எடைப்பிரிவுகளில் பட்டம். சர்வதேச குத்துச்சண்டை புகழ் மண்டபத்தின் 2020-ஆம் ஆண்டு வரிசைக்குத் தேர்வானார்.

பார்க்க நினைத்தால் இந்த வரிசையில் பாருங்கள்: டியாஸோடு 2009-இல் ஆடிய சண்டை, பிறகு 2004 பாக்கியாவ் சண்டையின் இரண்டாவது சுற்றிலிருந்து கடைசி வரை, பிறகு 2011 முழுவதும். 2012-ஐ அதற்கப்புறம் போடுங்கள், அதுவும் முதல் சுற்றிலிருந்து.