தாண்டிய பக்கம்

அன்புள்ள ஐயா,

என் ஏழு வயது மகளுக்கு வில்மா ருடால்ஃப் பற்றிய படப் புத்தகம் ஒன்றை வாசித்துக் காட்டுகிறேன். போலியோவால் காலில் சட்டம் மாட்டிய சிறுமி ஒலிம்பிக்கில் ஓடி வென்ற கதை. கறுப்பர் என்பதால் உள்ளூர் மருத்துவமனையில் அவளுக்கு இடமில்லை என்று வரும் பக்கத்தைத் தாண்டிவிடுகிறேன். இந்த வயதில் அது தேவையா? படங்களும் இருட்டாக இருக்கின்றன. இத்தகைய நூல்கள் தமிழில் வருமா?

ம.

அன்புள்ள ம.,

மகளை மடியில் வைத்து வாசிக்கும் அம்மாவிடம் கோபப்படக் கூடாது. ஆனாலும் கோபம் வருகிறது. நீங்கள் தாண்டியதுதான், அம்மா, கதை!

படங்களின் இருட்டு உங்களுக்குத்தான் உறுத்துகிறது, குழந்தைக்கு அல்ல. தமிழில் வருமா என்பதைப் பதிப்பாளர்களிடம் கேளுங்கள்.

வில்மா பிறந்த அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், கிளார்க்ஸ்வில் ஊர் மருத்துவமனை அப்போது வெள்ளையருக்கு மட்டும். கறுப்பருக்கான மெஹரி மருத்துவக் கல்லூரி சுமார் 50 மைல் தள்ளி நாஷ்வில்லில் இருந்தது. வெள்ளையர் வீடுகளில் வேலை செய்த தாய் பிளாஞ்ச், வாரந்தோறும் பஸ்ஸின் பின் இருக்கையில் மகளை அங்கே கொண்டுபோனார். வீட்டில் அண்ணன்மாரும் அக்காமாரும் முறைவைத்துத் தினமும் நான்கு தடவை அந்தக் காலை நீவிவிட்டார்கள். 22 பிள்ளைகளில் 20ஆவது அவள், கைகளுக்குப் பஞ்சமில்லை. இதையெல்லாம் உருவிவிட்டால் 'மனம் வைத்தால் முடியும்' என்ற சக்கைதான் மிஞ்சும்.

என் பள்ளியில் காலில் காலிப்பர், அதாவது வில்மாவுக்கு இருந்தது போன்ற சட்டம், மாட்டிய பையன் ஒருவன் படித்தான். காலை வழிபாட்டில் ஓர் ஆசிரியர் வில்மாவின் கதையைச் சொல்லிவிட்டு, எல்லோர் முன்னிலும் அவனைப் பார்த்து, "மனது வைத்தால் நீயும் ஓடலாமே" என்றார். அவனுடைய வகுப்பு மாடியில் இருந்தது. அதைக் கீழே மாற்ற எவருக்கும் தோன்றவில்லை. கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு படி படியாக ஏறிக்கொண்டிருந்தான். அந்த ஆசிரியர் கெட்டவர் அல்ல. அவருக்குக் கிடைத்த கதையிலும் மருத்துவமனை இல்லை, பஸ் இல்லை, நீவிவிட்ட கைகள் இல்லை.

"ஏன் சேர்க்கவில்லை?" என்று மகள் கேட்பாளே என்பதுதானே உங்கள் பயம்? கேட்கட்டும். வில்மாவே அதை விட்டுவிடவில்லை. 1960இல் ரோமில் 100 மீட்டர், 200 மீட்டர், தொடரோட்டம் என மூன்று தங்கம் வென்று திரும்பியவருக்கு ஊர் வரவேற்பு ஊர்வலம் ஏற்பாடு செய்தது. கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து வைத்தால் வரமாட்டேன் என்றார். அப்போது அவருக்கு வயது 20. அந்த ஊரில் இரு தரப்பும் சேர்ந்து கலந்துகொண்ட முதல் பொது நிகழ்ச்சி அதுதான். அந்த மூன்று தங்கத்தையும்விட எனக்கு இதுவே பெரிது. உங்கள் புத்தகத்தில் அந்த ஊர்வலம் இல்லையென்றால் நீங்களே சொல்லிச் சேர்த்துவிடுங்கள்.