வெற்றிலையை எந்தக் கன்னத்தில் அடக்குகிறீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 46. சேலம் அம்மாப்பேட்டையில் பட்டுத் தறி நெய்கிறேன். செல்கள் பிரியும்போது நேர்கிற பிழைதான் புற்றுநோய் என்று ஒரு காணொளியில் பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை. முதுகில் பழைய மச்சம் ஒன்று உண்டு. முன்கையில் கட்டி ஒன்று உருள்கிறது. கணுக்காலில் காயம் ஆறிய இடம் தடித்திருக்கிறது. இரண்டு மாதமாக இடது கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக ஏதோ நாக்கில் படுகிறது, வலி இல்லை. வெற்றிலை, புகையிலை உண்டு. அப்பா வாய்ப்புற்றில் இறந்தார். முள் சீத்தா இலைக் கஷாயம் குடித்து வருகிறேன். செல் பிரிவதைக் குறைக்க மருந்து இருக்கிறதா?

பதில்: வெற்றிலையை எந்தக் கன்னத்தில் அடக்குவீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நானே சொல்லிவிடுகிறேன்: இடது. உங்கள் கடிதம் நான்கு பக்கம். மச்சத்துக்கு முக்கால் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள், கட்டிக்கு அரைப் பக்கம். கன்னத்துக்கு ஒரே ஒரு வரி. எதை நினைத்து உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்பதை அந்த ஒரு வரியே காட்டிக்கொடுக்கிறது.

இந்த வாரமே சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கோ பல் மருத்துவப் பிரிவுக்கோ போங்கள். வலி இல்லை என்பதை ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். வாய்ப்புற்று தொடக்கத்தில் வலிக்காது. வலித்திருந்தால் இரண்டு மாதம் நீங்களும் சும்மா இருந்திருக்க மாட்டீர்கள். வாய்க்குள் வருகிற சாதாரணப் புண் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். மூன்றாவது வாரமும் ஒரு புண்ணோ, வெள்ளைத் தடிப்போ, சிவப்புத் திட்டோ அதே இடத்தில் இருந்தால் மருத்துவர் அதைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். வெள்ளையைவிடச் சிவப்பு மோசம். வெள்ளைக்கு நடுவே சிவப்பு தெரிந்தால் நாளைக் காலையே போங்கள்.

கண்ணாடி முன் நின்று மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் விட்டுப் பாருங்கள். நுழைகிறதா? குழம்பின் காரம் முன்பு இல்லாத அளவுக்கு எரிகிறதா? சென்ற மழைக்காலத்தில் ஏற்காட்டிலிருந்து ஒரு காப்பித் தோட்டத் தொழிலாளி வந்தார். பாக்குத்தூள் பொட்டலம் ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மென்றவர். அவர் வாயில் என் இரண்டு விரல்கூட நுழையவில்லை. கன்னத்தின் உட்புறம் பாக்கினால் காய்ந்த தோல்போல இறுகிக் கிடந்தது. “மிளகாயை விட்டுவிட்டேன் சார், இப்போது பரவாயில்லை” என்றார். பாக்கை விடவில்லை.

வெள்ளைத் தடிப்பு எல்லாம் புற்று ஆகாது, பெரும்பாலானவை ஆவதில்லை. எது ஆகும், எது ஆகாது என்று டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்ல என்னாலும் முடியாது, காணொளிக்காரராலும் முடியாது. மரத்துப்போக ஊசி போட்டு, அரிசி மணி அளவு சதை எடுத்து, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அதுதான் பயாப்சி. கத்தி பட்டால் பரவிவிடும் என்று பக்கத்துத் தறிக்காரர் சொல்வார். அவர் பேச்சை நம்பிக் காத்திருந்துதான் பலர் முற்றிய நிலையில் வருகிறார்கள்.

இனி காணொளிக்கு வருகிறேன். அது சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் எனக்கு எரிச்சல் கூடுகிறது. உங்கள் எலும்பு மஜ்ஜையில் ஒரு விநாடிக்குச் சுமார் 20 லட்சம் ரத்தச் சிவப்பணுக்கள் உருவாகின்றன. குடலின் உள்வரி நான்கைந்து நாளுக்கு ஒரு முறை புதிதாகிறது. இத்தனைக்கும் செல் பிரிந்தாக வேண்டும். பிரிவு ஒவ்வொன்றும் ஆபத்து என்றால் நாம் யாரும் பள்ளிக்கூடம் வரைகூட வந்திருக்க மாட்டோம். கணுக்கால் காயம் மூடியதும் அதனால்தான். ஓரத்துத் தோல் செல்கள் பிரிந்து நகர்ந்து, எதிர்ப்பக்கத்து செல்லைத் தொட்டதும் நின்றுவிட்டன. அந்த நிற்கிற குணத்தைக் கவனியுங்கள்.

நீங்கள் ஜக்கார்டு தறி பார்த்தவர். புதுத் தறிக்கு அதே பார்டர் வேண்டும் என்றால், பூ வேலையைத் தறிக்குச் சொல்கிற துளையிட்ட அட்டைக்கட்டு முழுவதையும் துளைக்குத் துளை நகல் எடுக்க வேண்டும். செல்லும் பிரிவதற்கு முன் அதைத்தான் செய்கிறது. அதன் அட்டைக்கட்டுக்கு டி.என்.ஏ. என்று பெயர், அதில் சுமார் 600 கோடி எழுத்துகள்; நகல் எடுக்க ஏறக்குறைய எட்டு மணி நேரம் ஆகிறது. எடுக்கும்போதே ஒரு நொதி தப்பைத் தடவிப் பார்த்துத் திருத்துகிறது. எடுத்து முடித்த பின் வேறொரு குழு மறுபடி சரிபார்க்கிறது. இத்தனைக்கும் தப்பி மிஞ்சுபவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில பிழைகள். அவற்றிலும் பெரும்பாலானவை பூ வேலை இல்லாத வெற்று இடத்தில் விழுவதுபோல, ஒன்றும் செய்யாமல் கிடக்கும்.

பிறகு அந்த டி.என்.ஏ. சுருண்டிருக்கிற, நகலான 46 குரோமோசோம்களும் செல்லின் நடுவில் வரிசையாக நிற்கும். இரு முனைகளிலிருந்தும் இழைகள் வந்து அவற்றைப் பிடிக்கும். பாடப்புத்தகத்தில் அவற்றுக்குக் கதிர்கோல் இழைகள் என்று பெயர். நூல் சுற்றுகிற கதிரின் பெயர்தான். ஒரே ஒரு குரோமோசோமில் இழை மாட்டவில்லை என்றாலும் செல் காத்திருக்கும், பிரியாது. இழை அறுந்திருப்பது தெரிந்தும் நீங்கள் நாடாவை ஓட்டுவீர்களா? கையை நிறுத்தி, முடிச்சுப் போட்டுவிட்டுத்தானே தொடர்வீர்கள். இப்படி நிறுத்திப் பார்க்கிற இடங்கள் செல்லுக்குள் பல. செல் பிரிவைக் கட்டுப்படுத்துகிற முக்கியப் பொறிகளைக் கண்டதற்காகத்தான் ஹார்ட்வெல், ஹண்ட், நர்ஸ் ஆகிய மூன்று விஞ்ஞானிகளுக்கும் 2001இல் நோபல் பரிசு கிடைத்தது. 1979இல் கண்டறியப்பட்ட பி-53 என்ற புரதம் இன்னும் கறாரானது: எழுத்துகள் சேதமானால் பிரிவை நிறுத்தும், சேதம் மீறிப் போயிருந்தால் அந்த செல்லையே சாகச் சொல்லிவிடும். மனிதப் புற்றுகளில் ஏறத்தாழப் பாதியில் இந்தப் புரதத்துக்கான மரபணு கெட்டுப்போயிருக்கிறது.

ஆக, ஒரு பிழையில் புற்று வராது. பிரிவை ஓட்டு என்கிற மரபணு, நிறுத்து என்கிற மரபணு, திருத்துகிற மரபணு என்று ஒரே செல்லின் வம்சத்தில் பல பிழைகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர வேண்டும். அதற்குப் பெரும்பாலும் பல ஆண்டுகள் பிடிக்கும். உங்கள் கன்னத்தின் ஒரே இடத்துக்கு நீங்கள் அத்தனை ஆண்டுகள் கொடுத்திருக்கிறீர்கள். புகையிலையில் உள்ள நைட்ரோசமைன்கள் என்ற வேதிப்பொருள்கள் எழுத்துகளையே சிதைக்கின்றன. சுண்ணாம்பும் பாக்கும் மேல்தோலைப் புண்ணாக்க, அதை மூடுவதற்காக அந்த இடத்து செல்கள் ஓய்வில்லாமல் பிரிகின்றன. கிழிந்த அட்டையை வைத்துக்கொண்டு இரவும் பகலும் நகல் எடுப்பதற்குச் சமம் இது. புகையிலையை மட்டும் விட்டுவிட்டு வெறும் பாக்குப் போடலாமா என்று அடுத்த கடிதம் எழுத வேண்டாம். பாக்கே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அறிக்கை வெளியிட்டிருக்கிறது.

அப்பாவின் நோய் ரத்தத்தில் வந்துவிட்டதோ என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கேட்க நினைத்தீர்கள். வாய்ப்புற்று அப்படிக் குடும்பத்தில் இறங்கி வருவது அரிது. அவரிடமிருந்து உங்களுக்கு வந்தது அவருடைய வெற்றிலைச் சுருக்குப்பை. அதைக் கீழே வைக்கலாம்.

மச்சம் இருபது ஆண்டாக அப்படியே இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், விடுங்கள். தோலுக்கடியில் மெத்தென்று உருள்கிற கட்டி கொழுப்புக் கட்டியாகத்தான் இருக்கும். மருத்துவமனைக்குப் போகும்போது அதையும் காட்டுங்கள், அதற்கென்று தனியாகப் போக வேண்டாம். கணுக்காலில் இருப்பது தழும்பு.

செல் பிரிவதைக் குறைக்க மருந்து உண்டா என்கிறீர்கள். உண்டு, அதற்குக் கீமோதெரபி என்று பெயர். நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கிற வின்கிரிஸ்டின், மேலே சொன்ன கதிர்கோல் இழைகளை உருவாகவிடாமல் தடுக்கிறது. பிரியப்போன செல் நடுவழியில் சிக்கிச் சாகிறது. அதை ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் என்று அளந்து, ரத்தக்குழாயில் மட்டுமே ஏற்றுகிறோம். உடனே அந்தச் செடியைப் பறித்து அரைக்கக் கிளம்பிவிடாதீர்கள், விஷம். கீமோ மருந்துகள் பலவற்றில் முடி கொட்டுவதும் இதனால்தான்: மயிர்க்கால் செல்களும் வேகமாகப் பிரிபவை, மருந்துக்கு ஆள் அடையாளம் தெரியாது.

முள் சீத்தா இலைக்கு அந்தத் தகுதியும் கிடையாது. ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டில் செல்லைக் கொன்றது என்பதை வைத்துக்கொண்டு யார் யாரோ பொடி விற்கிறார்கள். தட்டில் இருக்கும் செல்லை டெட்டாலும் கொல்லும். அந்தச் செடியை ஆண்டுக்கணக்கில் உட்கொள்கிறவர்களுக்குப் பார்க்கின்சன் போன்ற நரம்புக் கோளாறு வருவதாக கரீபியத் தீவான குவாதலூப்பிலிருந்து 1999இல் வெளியான ஆய்வு எச்சரித்தது. கஷாயத்தை இன்றே கொட்டிவிடுங்கள். கை நடுங்கினால் பட்டு நெய்ய முடியாது.

முழு உடல் பரிசோதனை, ஸ்கேன் என்று எதையும் நீங்களாக எடுக்காதீர்கள். இப்போதைக்கு வேண்டியது அந்த அரிசி மணி அளவு சதை மட்டும். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் ஒருவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். அன்று காலை வெற்றிலை போடாமல் போங்கள். வாயெல்லாம் சிவந்திருந்தால் பார்க்கிற டாக்டருக்கு ஒன்றும் தெரியாது.